பந்து பதில்கள்: எட்டாம் நம்பர் சட்டைக்காரர்

போன இதழில் இத்தாலிய ஆட்டக்காரர் பிர்லோவைப் பற்றி ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, அவர் நடுக்களத்தில் அவ்வளவு நிதானமாக நின்று பந்தைப் பிரித்துக் கொடுத்ததற்குப் பக்கத்தில் கட்டூசோ இருந்ததும் ஒரு காரணம் என்று ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நீரோடியிலிருந்து நாகர்கோவில் வரைக்கும் கேள்விகள் வந்து சேர்ந்துவிட்டன. குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர்களிடம் கால்பந்தைப் பற்றி அரைகுறையாகப் பேசக் கூடாது என்பது தெரிந்த விஷயம்தானே. ஆகவே இந்த முறை முழுக்க இத்தாலியின் எட்டாம் நம்பர் நடுக்கள ஆட்டக்காரர் ஜென்னாரோ கட்டூசோ மட்டும்.

அண்ணாச்சி, கட்டூசோ மீன்பிடிக்கிற வீட்டுப் பையன் என்று எங்க ஊர் டீக்கடையில் அடித்துச் சொல்கிறார்கள். நிஜமா?
- வாசகர், சின்னத்துறை

வீடு மீன்பிடிக்கிற வீடு இல்லை தம்பி, அப்பா தச்சர். ஆனால் ஊர் கடற்கரை ஊர்தான், அதனால் டீக்கடைக்காரர்களை முழுசாகக் குறை சொல்லவும் முடியாது. 1978 ஜனவரி 9 அன்று இத்தாலியின் தென்கோடியில், கலாப்ரியா பகுதியில், கொரிலியானோ கலாப்ரோ என்ற ஊரில் பிறந்தார் (2018இல் பக்கத்து ஊரான ரொசானோவோடு சேர்த்து ஒரே நகராட்சியாக்கிவிட்டார்கள்). அந்த ஊரின் கடலோரப் பகுதி ஸ்கியாவோனேயா, அயோனியக் கடலைப் பார்த்த மீன்பிடித் துறை. பையன் பந்தடித்து வளர்ந்தது அங்கேதான். கலாப்ரியா இத்தாலியிலேயே ஏழைப் பகுதிகளில் ஒன்று. வேலை வேண்டுமா, வடக்கே ரயில் ஏறு என்பதுதான் அங்கே தலைமுறை தலைமுறையாக நடப்பது. கட்டூசோவும் 12 வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி பெருஜியா கிளப்பின் சிறுவர் அணியில் சேர்ந்துவிட்டார். பிறகு பணம் காசு வந்ததும் மிலான் நகரத்துக்குப் பக்கத்தில் கல்லரத்தேயில் அவர் ஆரம்பித்த வியாபாரம் என்ன தெரியுமா? மீன் கடையும் மீன் சாப்பாடும். உங்க டீக்கடையில் போய் இதையும் சொல்லுங்க.

கட்டூசோ கத்தோலிக்கர். அப்படியிருக்க ஸ்காட்லாந்தில் ரேஞ்சர்ஸ் கிளப்புக்கு எப்படிப் போனார்? அது சீர்திருத்த சபைக்காரர்களின் கிளப் அல்லவா?
- கல்லூரி மாணவர், தூத்தூர்

நல்ல கேள்வி. கிளாஸ்கோவில் செல்டிக் என்றால் கத்தோலிக்கர், ரேஞ்சர்ஸ் என்றால் புராட்டஸ்டன்ட் என்ற பிரிவினை ஆழமாக ஓடிய காலம் உண்டு. ரேஞ்சர்ஸ் பல காலம் கத்தோலிக்க வீரர்களைத் தொடவே இல்லை. 1989இல் மோ ஜான்ஸ்டனைச் சேர்த்தபோது ஊரே இரண்டுபட்டது, சில ரசிகர்கள் கழுத்துத் துணியைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அதற்குப் பிறகுதான் கதவு மெல்லத் திறந்தது. 1997இல் வால்டர் ஸ்மித் பயிற்சியாளராக இருந்தபோது ஒரே கோடையில் அமொரூசோ, நெக்ரி, போரினி என்று இத்தாலிக்காரர்களாக வந்து இறங்கினார்கள், கூடவே 19 வயதுக் கட்டூசோவும்.

பெருஜியாவில் அவர் ஆடியது கைவிரலில் எண்ணக்கூடிய ஆட்டங்கள்தான். அங்கிருந்து நேராக ஐப்ராக்ஸ் மைதானம், ஐம்பதாயிரம் பேர், மொழி தெரியாது, மழை. இத்தாலியில் ஒருவரைத் தடுத்துப் பந்தைப் பறித்தால் பக்கத்தில் இருப்பவர்தான் தட்டிக்கொடுப்பார், ஸ்காட்லாந்தில் அதற்கு மைதானமே எழுந்து நின்று கத்தும். இந்தப் பையனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது, அவர்களுக்கும் இவரைப் பிடித்துப்போனது. கோப்பை என்று பார்த்தால் அந்த வருஷம் ஒன்றுமே இல்லை: லீக்கைச் செல்டிக் தூக்கிக்கொண்டு போனது, ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் ஹார்ட்ஸ் 2-1 என்று ஜெயித்தது. ஆனால் கல்யாணம் அங்கேதான் அமைந்தது. இத்தாலிய வம்சாவளிக் குடும்பத்து ஸ்காட்லாந்துப் பெண், மோனிகா.

அடுத்த வருஷம் டிக் அட்வகாட் பயிற்சியாளராக வந்து இவரை வலது பின்காப்பு ஆட்டக்காரராக நிறுத்தப் பார்த்தார். ஒத்துவரவில்லை. 1998 அக்டோபரில் இத்தாலியின் சலெர்னிதானா கிளப்புக்கு வந்துவிட்டார், அந்த அணி சீசன் முடிவில் கீழ் டிவிஷனுக்கு இறங்கியது, இவரோ 1999இல் மிலானுக்கு ஏறினார்.

கோல் இல்லை, கோல் போட வைத்த பாஸும் பெரிதாக இல்லை. 13 வருஷம் மிலான் இவரை வைத்துக்கொண்டு என்னதான் செய்தது? யூடியூபில் தேடினாலும் எல்லாரையும் முறைக்கிற வீடியோதான் வருகிறது.
- வாசகர், குளச்சல்

மிலானுக்காக 460 ஆட்டங்களுக்கு மேல், போட்ட கோல் பதினொன்று. ஸ்கோர் அட்டையை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி.

அந்த அணி எப்படி நின்றது என்று பாருங்க. கார்லோ ஆன்செலோட்டி 2001 நவம்பரில் மிலானுக்கு வந்தார். அவர் கையில் ருயி கோஸ்டா, பிர்லோ, அடுத்த வருஷம் வந்த செடோர்ஃப் என்று மூன்று பேர், மூன்று பேருமே பந்து காலில் இருந்தால்தான் ஆட்டம் காட்டுகிறவர்கள். பிறகு காகாவும் வந்தார். பிர்லோவை முன்னால் வைக்காமல் தற்காப்பு வரிசைக்கு நேர் முன்னால், மைதானத்தின் ஆழத்தில் நிறுத்தினார் ஆன்செலோட்டி. பந்து பின்னாலிருந்து அவர் வழியாகத்தான் போகும். இதில் உள்ள சிக்கல் யாருக்கும் புரியும்: அந்த இடத்தில் வழக்கமாக நிற்கவேண்டியவர் ஓடிப் பிடிக்கிற ஆள், பிர்லோ அந்த ரகம் இல்லை. பந்து பறிபோனால் நடுக்களத்தில் ஒரு பெரிய ஓட்டை. அந்த ஓட்டையை அடைக்க ஒருவர் வேண்டும், அவர் வலதுபக்கம் நின்றுகொண்டே நடுவையும் பார்க்கவேண்டும், வலது பின்காப்பாளர் மேலே ஏறிப் போனால் அவர் இடத்தையும் பார்க்கவேண்டும். ஒரு ஆள், மூன்று பேர் வேலை.

இதை வெறும் ஓட்டம் என்று நினைப்பதுதான் தப்பு. நம்ம கடற்கரையில் கரமடி வலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள், இரண்டு கயிறும் ஒருசேர நெருங்கி வந்தால்தான் மீன் உள்ளே நிற்கும், ஒரு பக்கம் அவசரப்பட்டு இழுத்தால் மறுபக்கம் வழி திறந்துவிடும். கட்டூசோ பந்தை வைத்திருப்பவனை நோக்கி ஓடுகிற வளைவைக் கவனியுங்க, நேராக ஓடமாட்டார். எதிராளி உள்பக்கம், அதாவது பிர்லோ நிற்கிற பக்கம், திரும்ப முடியாதபடி ஒரு வளைவில் வந்து அவனைக் கோட்டோரம் தள்ளுவார். அங்கே ஏற்கெனவே பின்காப்பாளர் நிற்பார், கோடு ஒரு பக்கம் அடைத்துவிடும், அப்புறம்தான் காலை நீட்டுவார். பந்து கிடைத்ததும் அடுத்த வேலை அதைவிட முக்கியம்: ஒரு தொடுதல், அதிகம் போனால் இரண்டு, பந்து பிர்லோவிடம். நாற்பது கெஜத்துக்குத் தூக்கி அடித்து வித்தை காட்டவே மாட்டார். பிர்லோ காலில் பந்து இருப்பதைப் பார்த்தால் நானெல்லாம் கால்பந்து ஆட்டக்காரன்தானா என்று சந்தேகம் வருகிறது என்று அவரே சொன்னதுண்டு. தன்னால் என்ன முடியாது என்று அவ்வளவு தெளிவாகத் தெரிந்துவைத்திருந்தவர் அந்தத் தலைமுறையில் குறைவு.

ஒரே ஒரு ஆட்டம் பார்க்க நேரம் இருந்தால் 2007 மே 2, மிலானின் சான் சிரோ மைதானம், ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி இரண்டாவது ஆட்டத்தைப் பாருங்க. முதல் ஆட்டத்தில் மான்செஸ்டர் யுனைடெட் 3-2 ஜெயித்திருந்தது, அதில் கட்டூசோ காயத்தோடு பாதியில் வெளியே போனார், கடைசி நிமிஷத்தில் ரூனி கோல் போட்டார். இரண்டாவது ஆட்டத்தில் கொட்டுகிற மழை. 22 வயது கிறிஸ்டியானோ ரொனால்டோ அந்த சீசனில் யாராலும் பிடிக்க முடியாத ஆளாக இருந்தார். அன்றைக்கு அவர் திரும்பிய பக்கமெல்லாம் இவர். காகா, செடோர்ஃப், ஜிலார்டினோ ஆளுக்கு ஒன்று, 3-0. மறுநாள் பத்திரிகையில் காகா படம் வந்திருக்கும், வரட்டும். கேமரா பந்தோடு போய்விடுகிறது, பந்து இல்லாத இடத்தில் நடந்த வேலை அதில் வராது. அதனால்தான் யூடியூபில் உங்களுக்கு முறைப்பு மட்டும் கிடைக்கிறது.

அந்த வருஷ இறுதி ஆட்டம் ஏதென்ஸில், லிவர்பூலுடன், 2-1 என்று மிலான் கோப்பை எடுத்தது. இத்தனைக்கும் முந்தின சீசன் முறைகேடு வழக்கில் புள்ளிகள் வெட்டுப்பட்டு, தகுதிச் சுற்றில் ரெட் ஸ்டார் பெல்கிரேடை ஜெயித்துத்தான் அந்தப் போட்டிக்குள்ளேயே நுழைந்தார்கள்.

அண்ணாச்சி என்ன சொன்னாலும் ஆள் முரடன்தானே? ஒரு பயிற்சியாளரைத் தலையால் முட்டினவர் இல்லையா?
- வாசகர், தக்கலை

முட்டினார், மறுக்கவில்லை. 2011 பிப்ரவரி, சான் சிரோவில் இங்கிலாந்தின் டாட்டன்ஹாம் 1-0 என்று ஜெயித்த ஆட்டம். டாட்டன்ஹாமின் துணைப் பயிற்சியாளர் ஜோ ஜோர்டன், ஸ்காட்லாந்துக்காரர், ஒரு காலத்தில் இதே மிலானுக்கு முன்கள ஆட்டக்காரராக ஆடியவர். ஆட்டத்தின் நடுவில் கோட்டோரத்தில் கட்டூசோ அவர் கழுத்தில் கையை வைத்தார், ஆட்டம் முடிந்தபின் தலையால் முட்டினார். ஜோர்டனுக்கு அப்போது 59 வயது. ஐரோப்பிய ஆட்டங்களில் ஐந்து ஆட்டம் தடை. கட்டூசோ மன்னிப்புக் கேட்டார், ஆனால் அதை நியாயப்படுத்த ஒன்றும் இல்லை, நானும் செய்யப்போவதில்லை.

இத்தாலியில் அவருக்கு வைத்த பட்டப்பெயரே 'ரிங்கியோ', உறுமல். மஞ்சள் அட்டைகளுக்கும் பஞ்சமே இல்லை. ஆனால் காலை உடைக்கிற ஆள் என்று அவரை யாரும் சொன்னதில்லை. கோபம் வாயிலும் முகத்திலும் கையிலும் வரும், பந்தைப் பறிக்கிற காலில் கணக்கு இருக்கும். இதையும் சொல்லிவிடுகிறேன்: கால்பந்து நிர்வாகத்தில் பெண்கள் இருப்பதைப் பற்றியும், ஒருபாலினத் திருமணத்தைப் பற்றியும் அவர் பேசிய பழைய பேச்சுகள் 2021இல் அவருக்கே திரும்பி வந்தன. டாட்டன்ஹாம் அவரைப் பயிற்சியாளராக்கப் போகிறது என்ற செய்தி வந்ததும் ரசிகர்கள் இணையத்தில் கொதித்தார்கள், பேச்சுவார்த்தை அத்தோடு நின்றது. ரசிகர்கள் கேட்டது நியாயம் என்பது என் கட்சி.

2005 இஸ்தான்புல் இறுதி ஆட்டம் பற்றிச் சொல்லுங்க. 3-0இல் இருந்து எப்படித் தோற்றார்கள்?
- வாசகர், முட்டம்

சாம்பியன்ஸ் லீக் இறுதி, எதிரே லிவர்பூல், ராத்திரி பன்னிரண்டேகாலுக்கு நம்ம ஊரில் ஆரம்பித்த ஆட்டம் அது. இடைவேளையில் மிலான் 3-0, நாளைக்கு வேலை இருக்கிறது என்று டிவியை அணைத்துவிட்டுப் படுத்தவர்கள் இன்றைக்கும் புலம்புகிறார்கள். 54ஆவது நிமிஷம் ஜெரார்டு தலையால் ஒன்று, 56இல் ஷ்மிட்சர் ஒன்று, அப்புறம் ஜெரார்டு பெட்டிக்குள் ஓடிவந்தபோது அவரைப் பின்னாலிருந்து தொட்டு விழவைத்தது வேறு யாரும் இல்லை, நம்ம ஆள்தான். பெனால்டி. சாபி அலோன்சோ அடித்ததை மிலான் கோல்கீப்பர் தீதா தடுத்தார், திரும்பி வந்த பந்தை அலோன்சோவே உள்ளே போட்டார். 60ஆவது நிமிஷத்தில் 3-3. பெனால்டி அடிகளில் லிவர்பூல் ஜெயித்தது. மிலானை விட்டே போய்விடலாமா என்று கட்டூசோ யோசித்த காலம் அது. போகவில்லை.

2006 உலகக் கோப்பையில் அவர் பங்கு என்ன? ஜட்டியோடு ஓடினது நினைவிருக்கிறது, ஆட்டம் நினைவில்லை!
- வாசகர், கொல்லங்கோடு

ஓடினார்தான், பெர்லினில் கோப்பை ஜெயித்த சந்தோஷத்தில் கால்சட்டை போன இடம் தெரியவில்லை.

காயத்தால் கானாவுடன் முதல் ஆட்டம் ஆடவில்லை. அமெரிக்காவுடன் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்தார். செக் குடியரசு ஆட்டத்திலிருந்து இறுதிவரை ஐந்து ஆட்டமும் ஆரம்பத்திலிருந்தே. அந்த ஏழு ஆட்டத்திலும் இத்தாலி வாங்கிய கோல் மொத்தம் இரண்டு, ஒன்று ஸக்கார்தோ தன் வலைக்குள்ளேயே போட்டது, இன்னொன்று இறுதி ஆட்டத்தில் ஜிதானின் பெனால்டி. எதிரணி வீரன் ஒருவன் ஆட்டத்தின் ஓட்டத்தில் அடித்து இத்தாலிக்குள் போன கோல் ஒன்றுகூட இல்லை. பூஃபோன், கன்னவாரோ என்று பேர் சொல்கிறோம், சரி, ஆனால் அவர்கள் வரைக்கும் பந்து வருவதற்கு முன்னால் ஒருவர் நின்றார். ஃபிஃபா அந்த உலகக் கோப்பையின் சிறந்த வீரர்கள் பட்டியலில் கட்டூசோவையும் சேர்த்தது. நம்ம ஊரில் அந்த மாசம் எங்கே திரும்பினாலும் பிரேசில், அர்ஜென்டினா கொடிதான், இத்தாலிக்குக் கொடி பிடித்தவர்கள் ரொம்பக் கொஞ்சம். அவர்களுக்கு ஜூலை 9 ராத்திரி நல்ல ராத்திரி.

கட்டூசோவுக்குக் கண்ணில் ஏதோ நோய் என்று படித்தேன். மருத்துவமனையில் வேலை பார்ப்பதால் கேட்கிறேன், அது மயஸ்தீனியாவா? அதோடு எப்படி ஆடினார்?
- செவிலியர், மார்த்தாண்டம்

ஆமாம் தங்கச்சி, கண்ணைப் பிடிக்கிற மயஸ்தீனியா. உங்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தசையை அசை என்று நரம்பு அனுப்புகிற சமிக்ஞையை, தசை வாங்கிக்கொள்கிற இடத்திலேயே உடம்பின் சொந்த எதிர்ப்பு சக்தி போய் அடைத்துவிடும். தசை சோர்ந்துபோகும். கண்ணில் வந்தால் இமை தொங்கும், இரண்டு கண்ணும் ஒரே பக்கம் பார்க்காது, ஒரு பந்து இரண்டாகத் தெரியும். நாள் முழுக்க ஒரே மாதிரியும் இருக்காது, ஓய்வெடுத்தால் தேவலை, களைத்தால் மோசம். ஓடிக் களைப்பதையே தொழிலாக வைத்திருந்தவருக்கு வந்த நோயைப் பாருங்க.

2011 செப்டம்பர், சீசனின் முதல் ஆட்டம், லாசியோவுடன். கொஞ்ச நேரத்திலேயே தன் அணியின் நெஸ்டா மேலேயே போய் மோதினார், பார்வை சரியில்லை என்று வெளியே வந்தார். பல மாதங்கள் மருந்து, ஸ்டீராய்டு. அடுத்த வருஷம் திரும்பி வந்து சில ஆட்டங்கள் ஆடி, 2012இல் நெஸ்டா, இன்சாகி, செடோர்ஃப், சம்புரோட்டா எல்லாரும் மிலானை விட்டுக் கிளம்பிய அதே கோடையில் இவரும் கிளம்பினார். ஸ்விட்சர்லாந்தில் சியோன் கிளப்புக்கு ஒரு சீசன், அதிலேயே பாதியில் பயிற்சியாளரும் ஆனார், அத்தோடு ஆட்டம் முடிந்தது.

நோய் போகவில்லை. 2020 டிசம்பரில் நாப்போலி பயிற்சியாளராக இருந்தபோது மறுபடி தலைதூக்கியது. ஒரு கண்ணை மறைத்துக் கட்டிக்கொண்டு கோட்டோரத்தில் நின்றார் (ஒரு கண்ணை மூடினால் இரட்டைப் பார்வை போய்விடும், அதற்குத்தான் அந்தக் கட்டு). இத்தாலியில் வதந்தி கிளம்பிவிட்டது, ஆள் பிழைக்கமாட்டார் என்று பேசினார்கள். அதற்குப் பிறகு டிவியில் அவரே வெளிப்படையாகப் பேசினார், பத்து வருஷமாக இந்த நோயோடு இருப்பதைச் சொன்னார், கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துத் தயங்குகிற பிள்ளைகளுக்காகவும் பேசினார். தலையால் முட்டின வீடியோவை அனுப்புகிறவர்கள் இதையும் சேர்த்து அனுப்பலாம். உங்கள் வார்டில் இமை தொங்கிப்போய் வெளியே வர வெட்கப்படுகிற பிள்ளை யாராவது இருந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு கோட்டோரத்தில் நிற்கிற அவர் படத்தைக் காட்டுங்க.

பயிற்சியாளராக அவர் தோல்விதானே? எத்தனை கிளப் மாறினார்!
- வாசகர், வடசேரி

மாறினார், மாற்றவும்பட்டார். பலெர்மோவில் ஆறே லீக் ஆட்டத்தில் வெளியே அனுப்பினார்கள். ஃபியோரென்டினாவில் 2021இல் சேர்ந்து 23 நாளில் பிரிந்தார், ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. கிரீஸில் ஓஎஃப்ஐ கிரீட் என்ற கிளப்பில் சம்பளமே ஒழுங்காக வராத நேரம், பத்திரிகையாளர் கூட்டத்தில் அரைகுறை ஆங்கிலத்தில் அவர் வெடித்த வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது, சில நேரம் நல்லா இருக்கும் சில நேரம் நாறும் என்கிற அர்த்தத்தில். இன்றைக்கும் வாட்ஸ்அப் ஸ்டிக்கராக வருகிறதே, அதுதான். பீசா கிளப்பை 2016இல் இரண்டாம் டிவிஷனுக்கு ஏற்றினார், மறுவருஷம் இறங்கியது.

2017 நவம்பரில் மிலான் பொறுப்பு கிடைத்தது. முதல் ஆட்டம் பெனவென்டோவுடன். அந்த அணி லீக்கில் அதுவரை ஆடிய 14 ஆட்டத்திலும் தோற்றது, ஒரு புள்ளிகூட இல்லை. மிலான் 2-1 முன்னிலை, 95ஆவது நிமிஷம், பெனவென்டோவின் கோல்கீப்பர் பிரிக்னோலி முன்னால் ஓடிவந்து தலையால் முட்டிக் கோல் போட்டார். இப்படி ஒரு ஆரம்பம் யாருக்கும் வராது. ஆனால் 2018-19இல் ஐந்தாமிடம், ஒரே ஒரு புள்ளியில் சாம்பியன்ஸ் லீக் இடம் போனது. விலகும்போது மிச்சமிருந்த இரண்டு வருஷச் சம்பளத்தை வேண்டாம் என்றார், தன்னோடு வேலை பார்த்த உதவியாளர்களுக்கு மட்டும் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டார். கோடிக்கணக்கான பணம்.

2020 ஜூன் 17, நாப்போலி கொப்பா இத்தாலியா (இத்தாலியக் கோப்பை) இறுதியில் யுவென்டஸை பெனால்டியில் 4-2 என்று ஜெயித்தது, கொரோனாவால் ரோம் மைதானம் காலியாகக் கிடந்தது. இரண்டு வாரத்துக்கு முன்தான் அவர் தங்கை இறந்திருந்தார். அதன்பின் வலென்சியா, மார்செய், ஹைதுக் ஸ்ப்ளிட் என்று சுற்றி, 2025 ஜூனில் இத்தாலி தேசிய அணியின் பயிற்சியாளராக அறிவிக்கப்பட்டார். தோல்வி என்று ஒரே சொல்லில் முடிக்க எனக்கு மனசு வரவில்லை, பெரிய வெற்றி என்று சொல்லவும் ஆதாரம் இல்லை.

என் மகனுக்கு 13 வயசு. அவனுக்குப் பத்தாம் நம்பர் சட்டை வேணும், கோச் சார் அவனைத் தற்காப்பு மிட்ஃபீல்டில் நிறுத்துகிறார். வீட்டுக்கு வந்து சோறு உண்ணாமல் அழுகிறான். என்ன சொல்ல?
- ஒரு அம்மா, இரவிபுத்தன்துறை

அக்கா, முதலில் சோறு. கட்டூசோ கதையைச் சொல்லி அவனைச் சமாதானப்படுத்த வேண்டாம், பதிமூன்று வயசுப் பையனுக்கு அது பிடிக்காது. உங்க ஊர் சூசைராஜ் இந்திய அணி வரைக்கும் போனவர், அவர் பெயரைத்தான் அவன் சொல்வான், சொல்லட்டும்.

கோச் சார் அந்த இடத்தில் நிறுத்தினால் பெரும்பாலும் காரணம், பையன் ஆட்டத்தைக் கவனிக்கிறான் என்று அவர் நினைப்பது. கேட்டுப் பாருங்க. பையனுக்கு இரண்டு வேலை சொல்லலாம். ஒன்று, பந்து தன்னிடம் வருவதற்கு முன்னால் தோளுக்கு மேலே திரும்பி ஒரு தடவை பின்னால் பார்த்துக்கொள்வது, யார் வருகிறான், யார் சும்மா நிற்கிறான் என்று. இதை ஒரு பழக்கமாக்கிக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. இரண்டு, பந்தை வைத்திருப்பவனை நோக்கி ஓடும்போது கடைசி இரண்டு மூன்று எட்டில் வேகத்தைக் குறைத்து, உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கி நிற்பது. நேராகப் பாய்கிறவனை ஒரு சின்ன வெட்டில் தாண்டிவிடுவார்கள்.

அப்புறம் சறுக்கி விழுந்து பந்தைப் பறிக்கிற வித்தை. மணலில் ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு அது சர்வசாதாரணம், விழுந்தால் வலிக்காது. அதே பழக்கத்தோடு செம்மண் மைதானத்துக்குப் போய் விழுந்தால் தொடையிலிருந்து முழங்கால் வரைக்கும் தோல் உரிந்து, உப்புத்தண்ணி பட்டால் ராத்திரி தூக்கம் வராது. வீடியோவில் கட்டூசோ விழுவதைப் பார்த்து விழவேண்டாம் என்று சொல்லுங்க, அவரும் வேறு வழி இல்லாதபோதுதான் விழுவார், காரணம் விழுந்தவன் எழுந்திருப்பதற்குள் ஆட்டம் அவனைத் தாண்டிப் போய்விடும்.

பதினைந்து பதினாறு வயசில் உடம்பு மாறும், இடமும் மாறலாம். பிர்லோவே முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர்தான்.

கட்டூசோ சென்னையின் எஃப்சிக்கு ஆடினாரா? நண்பனுடன் பந்தயம்.
- வாசகர், ஆரல்வாய்மொழி

இல்லை, உங்க நண்பருக்குப் பந்தயம் போச்சு. 2014இல் சென்னைக்கு வந்தவர்கள் அதே 2006 அணியின் மத்தெராஸியும் நெஸ்டாவும். மத்தெராஸி ஆடியதோடு பயிற்சியாளராகவும் இருந்தார், 2015இல் கோவாவை 3-2 ஜெயித்துக் கோப்பையும் வாங்கிக்கொடுத்தார். டெல்பியரோ அதே 2014இல் டெல்லிக்கு ஆடினார். உங்க நண்பர் இவர்களில் யாரையோ நினைத்துக் குழப்பிக்கொண்டிருக்கிறார்.

இத்தாலிக்கு 73 ஆட்டம் ஆடினாரே, ஒரு கோலாவது போட்டாரா?
- வாசகர், குழித்துறை

ஒன்று. 2000 நவம்பர், தூரின், இங்கிலாந்துடன் நட்பு ஆட்டம், 1-0, அந்த ஒன்று இவர் தூரத்திலிருந்து அடித்தது. டேவிட் பெக்காம் முதன்முதலாக இங்கிலாந்து கேப்டனாக இறங்கிய ஆட்டமும் அதுவே. கிளப் கணக்கில் ஒன்று கேட்டால் 2011 மார்ச், அதே தூரினில் யுவென்டஸுக்கு எதிராக, பழக்கமில்லாத இடது காலால் அடித்தது. அதுவும் 1-0, மிலான் அந்த வருஷம் லீக் பட்டத்தை எடுத்தது.